ஏணி போட்ட பூசணி

என் தங்கை போராடி ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பேருந்துப் பணிமனையின் பின்சுவருக்கும் வாய்க்காலுக்கும் நடுவே, உடைந்த கண்ணாடியும் டயர் துண்டும் கழிவு எண்ணெயும் கலந்து கிடந்த நிலத்தை ஜெயித்தாள். அங்கே புல்கூட முளைக்காது என்று சிரித்த காவலாளியை ஜெயித்தாள். பின்னால் அவரே அவளிடம் கத்தரிக்காய் வாங்கினார். தண்ணீர்க் குழாய் தர மறுத்த அலுவலகத்தை, வாரந்தோறும் போய் அதே பெஞ்சில் உட்கார்ந்தே ஜெயித்தாள். "இந்தம்மா உக்காந்து உக்காந்து பெஞ்சு தேஞ்சு போச்சு, குழாயைக் குடுத்துத் தொலைங்கப்பா" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். எங்கள் விளைச்சல் நாளில் பெரிய பூசணிக்கான பரிசை, சொந்த நிலம் வைத்திருந்தவர்களை முந்திக்கொண்டு வாங்கினாள். நுழைவாசலுக்கு நேரே உள்ள முதல் மேசையை வாங்கினாள். எழுதப் படிக்கத் தெரியாமலே இத்தனையும்.

பள்ளிக்கு அவள் போகாததற்குக் காரணம் எளிது. எங்கள் வீட்டில் ஒருத்தி பள்ளிக்குப் போனால் இன்னொருத்தி அம்மாவோடு பாத்திரம் தேய்க்கப் போக வேண்டும். நான் மூத்தவள், என் முறை முதலில் வந்தது. அவள் முறை வரவேயில்லை. நான் எட்டாவதோடு நின்று தையலுக்குப் போனபோது அவளுக்குப் பள்ளி வயது தாண்டிவிட்டது. பிறகு பணிமனையில் பேருந்து கழுவும் வேலை கிடைத்தது. கழுவிய தண்ணீர் பின்பக்கம் ஓடித் தேங்குவதைப் பார்த்துத்தான் அங்கே விதை போடும் யோசனையே அவளுக்கு வந்தது. எண்ணெய் கலந்த தண்ணீர் என்று தெரிந்ததும் அதை வாய்க்கால் வெட்டித் திருப்பிவிட்டு, மேல் மண்ணைச் சுரண்டி எறிந்துவிட்டு, குழாய்க்கு மனுக் கொடுக்கக் கிளம்பினாள். அந்த மனுவை எழுதிக் கொடுத்தது நான். அவள் சொன்ன வார்த்தைகளில் பாதியைத்தான் எழுத முடிந்தது. மீதி எழுதக்கூடியதாக இல்லை.

விளைச்சல் நாள் என்பது வருடம் ஒருமுறை, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பள்ளி மைதானத்தில் நடப்பது. நம் பகுதியில் விளைந்ததை மட்டும் விற்க வேண்டும். மதியம் அதையே சமைத்து எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். ஆரம்பத்தில் விதி என்று ஒன்றும் கிடையாது. ஒரு வருடம் ஒருவர் மொத்தச் சந்தையில் வெங்காயம் வாங்கி வந்து, சொந்த விளைச்சல் என்று விற்றார். அடுத்த கூட்டத்தில் என் தங்கைதான் எழுந்தாள்.

"வாங்குறவங்க யாராச்சும் 'செடியைக் காட்டு'ன்னு கேட்டா, கடையை அப்படியே போட்டுட்டு நடந்து போய்க் காட்டணும். காட்ட முடியலையா, மேசை போச்சு."

"ஒரு வருஷத்துக்கு மேசை இல்லைன்னு வைப்போம்மா," என்றார் மருந்துக்கடைக்காரர். அவர்தான் கமிட்டிச் செயலாளர், சண்டை பிடிக்காதவர்.

"ஒரு வருஷமாவது, ஒன்பது வருஷமாவது! போனா போனதுதான். பொய் சொன்ன வாய்க்கு மறுபடி மேசை எதுக்கு?"

கை தூக்கச் சொன்னபோது முதலில் உயர்ந்த கை அவளுடையது. விதி அப்படியே நின்றது.

அன்றிலிருந்து 'செடியைக் காட்டு' என்பது எங்கள் பகுதியில் வேடிக்கைப் பேச்சாகவே ஆகிவிட்டது. மாப்பிள்ளை பார்க்க வந்தால்கூட, "சம்பளம் இருக்கட்டும், செடியைக் காட்டுங்க" என்பார்கள். விளைச்சல் நாளில் யாராவது ஒருவர் வெயிலில் ஒரு கூட்டத்தைத் தன் வீட்டுக் கொல்லைக்கு அழைத்துக்கொண்டு போவதைப் பார்க்கலாம். என் தங்கையிடம் மட்டும் யாரும் கேட்டதில்லை. அவள் பூசணிமேல் ஏணி இருந்தது.

அந்த ஏணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பூசணிப் பிஞ்சு எலுமிச்சை அளவில் இருக்கும்போது, சாக்குத் தைக்கும் கோணூசியால் அதன் தோலில் லேசாகக் கீறுவாள். இரண்டு நெட்டுக்கோடு, நடுவில் மூன்று படி. காய் பெருக்கப் பெருக்கக் கீறலும் கூடவே வளரும். ஆறிய காயத்தின் தழும்பு போல வெளுத்துத் தடித்து மேலெழும்பி நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் ஏணி என்று தெரியும். பேர் எழுதத் தெரியாதவள் தன் காய்க்கு வைத்த அடையாளம் அது. அவளுக்கே 'ஏணி' என்று பேர் வந்துவிட்டது. கொடியிலேயே வளர்ந்தால்தான் அந்தத் தழும்பு வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் செடியைக் காட்டு என்று கேட்கவில்லை.

ஒரு வருடம் கமிட்டி புதிதாக ஒன்று முடிவு செய்தது. விளைவிப்பவர்கள் எல்லோரும் நுழைவாசலில் ஒரு பெரிய பலகையில் கையெழுத்துப் போட வேண்டும். பலகை வருடம் முழுவதும் அங்கேயே இருக்கும். அதுவரை எல்லாவற்றுக்கும் கைநாட்டு வைத்தவள் என்னிடம் வந்தாள்.

"அக்கா, முதல் மேசைக்காரி பேருக்கு நேரா மசி அப்பின கட்டை விரலா இருக்கும்? எனக்கு என் பேரை மட்டும் எழுதக் கத்துக் குடு. மத்தவன் பேரெல்லாம் எனக்கு எதுக்கு?"

நான் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவள் தாளில் பழகவில்லை. காலையில் வந்து நிற்கும் பேருந்தின் பின்கண்ணாடிப் புழுதியில் விரலால் எழுதுவாள், பிறகு தண்ணீர் அடித்துக் கழுவிவிடுவாள். ஒருநாள் கழுவும் முன் கண்டக்டர் பார்த்துவிட்டார்.

"யாரு பேரு இது? ஆளு யாரு, சொல்லு."

"என் பேருதான் கண்டக்டரே. எனக்கு என்னை ரொம்பப் பிடிச்சிருக்கு. உங்களுக்கென்ன வருத்தம்?"

புரட்டாசி பிறக்கிற சமயத்தில் பேர் எழுத அவள் கை ஓடத் தொடங்கியிருந்தது. பொதுச் சாப்பாட்டுக்கு வேண்டிய பூசணி முழுவதும் தானே தருவதாகச் சமையல்காரரிடம் வாக்குக் கொடுத்திருந்தாள். காய்களும் நன்றாகவே திரண்டிருந்தன. விளைச்சல் நாளுக்கு முந்தைய வாரம் மழை பிடித்துக்கொண்டது. வாய்க்கால் நிரம்பித் தோட்டத்துக்குள் ஏறியது. தண்ணீர் வடிந்தபோது காய்கள் பார்வைக்கு அப்படியே கிடந்தன. தூக்கினால் அடிப்பக்கம் கையோடு வந்தது.

அவள் கணவர் லாரி ஓட்டுகிறவர். அன்று மொத்தச் சந்தைக்குக் காய் ஏற்றி வந்திருந்தார்.

"இதுல அழ என்ன இருக்கு? என் வண்டியில வெளியூர்ப் பூசணி மலையா கிடக்கு. காசு குடுத்து எடுத்துக்கலாம். வேக வச்சா எல்லாம் ஒண்ணுதான்."

"வாயை மூடுங்க. இன்னொரு தடவை சொன்னீங்க, உங்களையும் சேர்த்து வேக வச்சிடுவேன்."

காலையில் இப்படிச் சொன்னவள்தான் பொழுது சாய்கையில், "நல்லதா பார்த்து இறக்குங்க" என்றாள். இடையில் என்ன நினைத்தாள் என்று பல முறை கேட்டிருக்கிறேன். "வாக்குக் குடுத்தாச்சு. பலகையில பேரு போடணும். முதல் மேசையில வெறுங்கையோட எப்படி உக்கார்றது?" என்பதைத் தவிர வேறு பதில் வந்ததில்லை.

காய்களை இறக்கிவிட்டுக் கணவர் போய்விட்டார். அவள் தோட்டத்துச் சேற்றை எடுத்து ஒவ்வொரு காயின் அடியிலும் பூசினாள். பிறகு கோணூசியை எடுத்தாள். ஏணி இல்லாவிட்டால் யாராவது செடியைக் காட்டு என்று கேட்டுவிடுவார்களே என்ற பயம். முற்றிய தோலில் ஊசி இறங்கவில்லை, அழுத்திக் கீறினாள். கீறிய இடமெல்லாம் பால் கசிந்தது. துடைக்கத் துடைக்கக் கசிந்தது.

விளைச்சல் நாள் காலையில் சமையல்காரர் கத்தியோடு வந்து முதல் காயை மடியில் தூக்கி வைத்தார். வருடாவருடம் செய்வது போல, வெட்டும் முன் ஏணியைக் கட்டை விரலால் ஒருமுறை தடவினார். தழும்பு இல்லை. ஒட்டிக்கொள்ளும் பிசின்தான் இருந்தது. அடுத்த காயைத் தடவினார். அதற்கடுத்ததையும். பிறகு என் தங்கையைப் பார்த்தார்.

"ஏணிம்மா, இங்க கொஞ்சம் வா." அடுப்புக்குப் பின்னால் அழைத்துப் போய்க் குரலைத் தாழ்த்தினார். "எனக்குக் கண்ணு மங்கல். விரலும் மரத்துப் போச்சு. நான் வெட்டிப் போட்டுடறேன். நீ போய் உன் மேசையில உக்காரு."

அவள் போய் உட்கார்ந்தாள். பக்கத்து மேசை கீரைக்காரம்மாவுடையது. அந்த அம்மாள் தோட்டத்தையும் அதே மழைதான் தின்றிருந்தது. மேசையில் ஒரு கட்டுக் கீரைகூட இல்லை. விரிப்பை ஒழுங்காக விரித்து, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன வச்சிருக்கீங்க?" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"இந்த வருஷம் மழைக்குப் படையல் போட்டுட்டேன். டீ வாங்கிக் குடுத்தா உக்காந்து கதை சொல்றேன்."

யாரோ டீ வாங்கி வந்தார்கள். அந்த வெறும் மேசையைச் சுற்றித்தான் அன்று கூட்டம். என் தங்கை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் ரவிக்கைத் துணி தைத்து முடித்துவிட்டு அப்போதுதான் வந்தேன். அவள் முகத்தைப் பார்த்து, "காய்ச்சலாடி?" என்றேன்.

"அக்கா, இவ்வளவுதானா? வெறுங்கையோட உக்காந்தா இவ்வளவுதானா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் எழுந்து நேராக மருந்துக்கடைக்காரரிடம் போனாள். பின்னாலேயே போனேன்.

"என்கிட்ட கேளுங்க," என்றாள்.

"என்னம்மா கேக்கணும்?"

"செடியைக் காட்டுன்னு கேளுங்க."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டார். அவள் எல்லாவற்றையும் அங்கேயே சொல்லி முடித்தாள். சமையல்காரர் கத்தியைக் கையில் பிடித்தபடி ஓடி வந்து, "ஏன்மா, நான்தான் ஒண்ணும் தெரியாதுன்னேனே" என்றார். மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

"ஒரு வருஷம்னு வச்சுக்கலாம்மா. இது கமிட்டிக்குள்ளயே இருக்கட்டும்."

"விதி நான் கேட்டு வச்சது."

இது நடந்து வருடங்கள் ஆகிவிட்டன. விதியைக் கமிட்டி பிறகு தளர்த்தியது. மேசையைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லி வீட்டுக்கே வந்தார்கள். "எனக்காக மாத்தினா அது விதி இல்லீங்க, தயவு" என்று டீ கொடுத்து அனுப்பிவிட்டாள். இப்போதும் பணிமனைக்குப் பின்னால் பூசணி விளைகிறது. விளைச்சல் நாளன்று விடியும் முன் சமையல்காரரின் அடுப்படியில் நாலைந்து காய் கிடக்கும். அவற்றில் ஏணி இருக்காது. கோணூசியை என்னிடம் கொடுத்துவிட்டாள். விளைச்சல் நாளின் பத்து வருட நிறைவு மலருக்கு அவளைப் பற்றி எழுதச் சொல்லிக் கேட்டார்கள் என்றேன். "எழுதுறதா இருந்தா அந்தப் பூசணிக் கதையையும் எழுது. இல்லாட்டி என் பேச்சையே எடுக்காதே" என்றாள். எழுதிவிட்டேன். அவள் முதல் மேசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்ததையும் நான் பார்த்திருக்கிறேன், அதுவும் எழுத்தில் இருக்கட்டும். ஒரு வெறும் மேசைக்குப் பயந்து அதை விட்டாளே என்பதுதான் இன்னும் மனதை அறுக்கிறது.

அன்று மேசையை விட்டுக்கொடுப்பதாக ஒரு தாளில் இரண்டு வரி எழுதினார் மருந்துக்கடைக்காரர். பழக்கத்தில் மசிப் பெட்டியைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினார். அவள் அதை மூடினாள்.

"பேனா குடுங்க."

நுழைவாசலில் பலகை நின்றுகொண்டிருந்தது. கீரைக்காரம்மா அதில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். என் தங்கைக்கு விட்டிருந்த இடம் மேல்வரியில் காலியாக இருந்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. தாளைத் தன் பக்கம் திருப்பி, பேருந்துக் கண்ணாடியில் எழுதுவது போலவே பெரிய பெரிய எழுத்தாக, நடுவில் ஓரிடத்தில் நின்று யோசித்து, தன் பேரை முழுதாக எழுதினாள். தேதியும் போட வேண்டும் என்றார் அவர். அவளுக்கு எண்கள் தெரியும். பேருந்துகளில் பார்த்துப் பழகியவை. யாரையும் கேட்காமல் கீழே எழுதினாள்: 19.10.2014.