தங்கைக்குக் கிடைத்த ஓட்டு

வாண்டாவுக்குப் பதினெட்டு வயதானபோது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஓட்டுப் போட இருபத்தொரு வயதாக வேண்டும். அவள் தெருவிலிருந்து வியட்நாமுக்குப் போன பையன்களுக்கும் ஓட்டில்லை. வயதைக் குறைக்க மாநில அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டும். சட்டமன்றம் ஒப்புக்கொண்டாலும் போதாது, மக்களும் ஓட்டுப் போட்டுச் சம்மதிக்க வேண்டும். 1966 தேர்தலுக்கு முன் வாண்டா வீடு வீடாகப் போய் ஆதரவு கேட்டாள்.

கார் ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஸ்டானிஸ்லாவ் கதவைப் பாதிதான் திறந்தார்.

"உனக்கு ஓட்டு இருக்கா?"

"இல்ல மாமா. அதுக்குத்தானே வந்திருக்கேன்."

"எனக்கு இருக்கு. உங்களுக்கெல்லாம் குடுக்க எனக்கு மனசில்ல. போயிட்டு வா கண்ணு."

திருத்தம் தோற்றது. 1970-இல் மறுபடி வந்தது. இப்போது வயது வந்துவிட்ட வாண்டா, தானே ஆதரித்து ஓட்டுப் போட்டாள். அதுவும் தோற்றது.

அதே ஆண்டு நாடாளுமன்றம் வயதைப் பதினெட்டாகக் குறைத்துச் சட்டம் போட்டிருந்தது. அந்தக் குளிர்காலத்தில் உச்ச நீதிமன்றம், நாட்டுத் தேர்தலுக்கு வயதைக் குறைக்கத்தான் நாடாளுமன்றத்துக்கு அதிகாரம், மாநிலத் தேர்தலுக்கு இல்லை என்றது. ஒரே சாவடியில் இரண்டு விதமான வாக்காளர்களா என்று மாநிலங்கள் பதறின. நாட்டின் அரசியல் சட்டத்தையே திருத்த நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஆதரவு கிடைத்தது. நான்கில் மூன்று பங்கு மாநிலங்கள் சம்மதிக்க வருடக்கணக்காகும் என்று வாண்டா நினைத்தாள். ஆனால் கோடை தொடங்கும்போதே எல்லாம் முடிந்து, பதினெட்டு வயதுக்கு ஓட்டு வந்துவிட்டது.

அவள் தங்கை கிறிஸ்டினாவுக்கு அப்போதுதான் பதினெட்டு முடிந்திருந்தது. ஒரு கதவையும் தட்டாதவள். ரேடியோவும் தலைமுடியும்தான் அவள் உலகம். ஓட்டு வந்ததற்காக அம்மா அவளுக்குக் கேக் செய்தாள். வாண்டா ஒரு துண்டும் தொடவில்லை.

"எனக்கு ஓட்டு வந்தப்ப நீ கேக் செஞ்சியாம்மா?"

"இருபத்தொண்ணு ஆனா எல்லாருக்கும்தான் வரும். அதுக்கு என்ன கேக்?"

நகரத் தலைவர் தேர்தல் நெருங்கியது. கிறிஸ்டினா நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, பேர் பதிய என்னிக்குக் கடைசி?"

கடைசி நாள் வெள்ளிக்கிழமை என்பது வாண்டாவுக்குத் தெரியும்.

"அடுத்த புதன்," என்றாள்.

வெள்ளிக்கிழமை மதியம்வரை மனது குளிர்ந்திருந்தது. பிறகு ஸ்டானிஸ்லாவ் வீட்டைத் தாண்டி நடந்தபோது அந்தப் பாதி திறந்த கதவு நினைவுக்கு வந்தது. அவர் முகத்துக்கு நேராகவாவது சொன்னார். இவள் சிரித்துக்கொண்டே பொய் சொல்லியிருந்தாள்.

அழகு நிலையத்துக்கு ஓடினாள். கிறிஸ்டினா தலை முழுக்க முடியைச் சுருட்டும் சுருளிகளோடு உட்கார்ந்திருந்தாள்.

"எந்திரிடி! இன்னிக்குத்தான் கடைசி நாள்!"

"புதன்னு சொன்னியே!"

"பொய் சொன்னேன்."

"எதுக்கு?"

"வயித்தெரிச்சல்டி. நான் நாயா அலைஞ்சேன், உனக்கு நோகாமக் கிடைச்சுது. வா, பூட்டிடப் போறாங்க."

சுருளிகளோடே கிறிஸ்டினா நகர அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டாள். அங்கே நின்றிருந்த பத்திரிகைக்காரன் படமெடுத்தான். மறுநாள் முதல் பக்கத்தில் "புதிய வாக்காளர்" என்ற தலைப்பின் கீழ் கிறிஸ்டினா சிரித்தாள். வாண்டாவின் முழங்கை மட்டும் ஓரத்தில் தெரிந்தது.

தேர்தலன்று வாண்டா நம்பிய வேட்பாளருக்கு எதிராகத்தான் கிறிஸ்டினா ஓட்டுப் போட்டாள். அதைச் சாப்பாட்டு மேஜையில் உரக்கச் சொல்லவும் செய்தாள். வாண்டா ஒரு மாதம் அவளோடு பேசவில்லை.