கடல் பார்க்கப் போன அக்கா

மொன்ட்ரியாலில் படித்த வருடங்களில் நான் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவரின் வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருந்தேன். அவருடைய மகன் கல்யாணமாகி டொராண்டோவுக்குப் போனதால் காலியான அறை அது. அக்காவுக்கு ஐம்பதை நெருங்கும் வயது. பகலெல்லாம் கார்தெரி என்ற குழந்தைகள் காப்பகம் ஒன்றில் சமைப்பார். மாலையில் வந்து எங்கள் இருவருக்கும் சமைப்பார். "சின்னதுகளுக்கு உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. எனக்கே நாக்குச் செத்துப்போச்சு" என்று சொல்லிக்கொண்டே மிளகாய்த்தூளை அள்ளிப் போடுவார்.

நான் கோயம்புத்தூரிலிருந்து மண்ணியல் படிக்கப் போனவள். தினமும் மெட்ரோ, பிறகு பஸ் என்று மொன்ட்ரியால் தீவின் மேற்கு முனையிலிருந்த சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவுக்குப் போய் வருவேன். அங்கே ஆய்வகத்தில் என் பக்கத்து மேசை துனிசியாக்காரி ஒருத்தியுடையது. ஆகஸ்ட் வந்தால் ஊருக்குக் கிளம்பிவிடுவாள். ஒரு வருடம் என்னையும் கூப்பிட்டாள்.

"எங்கள் கிராமத்துப் பக்கத்தில் ஒரு கடற்கரை இருக்கிறது. ஹோட்டல் இல்லை, கடை இல்லை, குடைகூட இல்லை. நீயே பார்த்துக்கொள், ஒன்றுமே இருக்காது" என்றாள். இதைவிட நல்ல அழைப்பு எனக்கு வந்ததில்லை.

அன்று சாப்பிடும்போது அக்காவிடம் சொன்னேன். அவர் புட்டைக் குழைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"எவ்வளவு நாள் நிப்பீர்?"

"ரெண்டு வாரம் அக்கா."

"நானும் வரட்டே?"

விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். வேலை, கோயில், டொராண்டோவில் மகன் வீடு. இவை தவிர அவர் எங்கும் போய் நான் பார்த்ததில்லை. அக்கா சிரிக்கவில்லை.

"நான் எத்தினை நாடு கடந்து இஞ்ச வந்தனான் தெரியுமே பிள்ளை? ஒண்டையும் பாக்கேல்லை. லொறிக்குள்ள ஒளிச்சு இருந்துகொண்டு என்னத்தைப் பாக்கிறது? ஒருக்கா ஒரு இடத்துக்குச் சும்மா போக வேணும். அலுவல் ஒண்டும் இல்லாமல்."

தோழியிடம் கேட்டேன். "அம்மாவுக்குப் பேச்சுத்துணை கிடைத்தது, கூட்டி வா" என்றாள். விசா வாங்க அலைந்தது நான்தான். அக்காவிடம் கனடா பாஸ்போர்ட் இருந்ததால் அவருக்கு அது தேவைப்படவில்லை. "பாத்தீரே, இப்ப நான் பெரிய ஆள்" என்று கிளம்பும்வரை என்னைச் சீண்டிக்கொண்டிருந்தார்.

ஆனால் விமான நிலையத்தில் அந்த ஆளைக் காணோம். கறுப்புக் கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி நடந்தார். பாஸ்போர்ட், குடியுரிமைத் தாள், கார்தெரியில் கொடுத்த வேலைக் கடிதம், மகனின் கல்யாணச் சான்றிதழ்கூட அதற்குள் இருந்தன. "கேட்டால் காட்ட வேணும்" என்றார். பாரிஸில் விமானம் மாறியபோதும், துனிஸில் இறங்கியபோதும், சீருடை போட்ட யாரைக் கண்டாலும் பையின் கொக்கியில் கை போய்விடும்.

துனிஸில் குடிவரவு அதிகாரி எதற்காக வந்தீர்கள் என்று பிரெஞ்சில் கேட்டார். அக்கா என் பக்கம் திரும்பினார்.

"என்னத்துக்கு வந்தனீங்கள் எண்டு கேக்கிறார். என்ன சொல்ல?"

"கடல் பார்க்கன்னு சொல்லுங்க அக்கா."

"அதுக்குப் போய் ஆரும் இவ்வளவு தூரம் வருவினமே? நம்பமாட்டார்."

வேறு பதில் இல்லாததால் அதையே சொன்னார். பிரெஞ்சில் கடலுக்கும் தாய்க்கும் உச்சரிப்பு ஒன்றுதான். அதிகாரி முகம் மலர்ந்து, "உங்கள் அம்மா எந்த ஊரில் இருக்கிறார்?" என்று கேட்டார். அக்கா பதறிப்போய், "இல்லை, இல்லை, தண்ணீர்! பெரிய தண்ணீர்!" என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். அதிகாரி சத்தமாகச் சிரித்தபடி முத்திரையைக் குத்தினார். அக்காவின் தாள்களில் ஒன்றையும் அவர் கேட்கவில்லை. அதில் அக்காவுக்குச் சின்ன ஏமாற்றம் என்றுகூட எனக்குத் தோன்றியது.

கிராமம் வெள்ளைச் சுவர்களும் நீலக் கதவுகளுமாக, வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. வீட்டிலிருந்து அத்தி மரங்களையும் சப்பாத்திக் கள்ளி வேலிகளையும் தாண்டி இறங்கினால் கடல். தோழி சொன்னது சரிதான். வளைந்த மணல், கரையில் இழுத்துப் போட்ட இரண்டு படகுகள், அவ்வளவே. அலை என்று சொல்ல ஒன்றும் இல்லை. மெரினாவின் இரைச்சலைக் கடல் என்று நினைத்திருந்த எனக்கு அந்தத் தண்ணீர் ஏரிபோல் இருந்தது. முழங்கால் ஆழத்திலேயே வெகுதூரம் நடக்கலாம். அடியில் மணலின் வரிகள் தெரியும்.

வெயில் சாய்ந்ததும் ஊர்ப் பெண்கள் வருவார்கள். நீளமான பருத்தி அங்கியோடு அப்படியே இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். நானும் சுடிதாரோடு இறங்கினேன். மொன்ட்ரியாலில் நீச்சல் குளத்துக்கு ஒரு முறை போய், அங்கே போட வேண்டிய உடையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவள் நான். இங்கே யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அக்கா மட்டும் வரவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல், மடியில் பையோடு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்போல் மணலில் உட்கார்ந்திருந்தார். தோழியின் அம்மா எத்தனையோ தரம் கூப்பிட்டுப் பார்த்தார். "நான் இதில இருந்து பாக்கிறன். அது காணும், வேற வேண்டாம்" என்பதே பதில். அவர் பிறந்த ஊரிலிருந்து கடல் சைக்கிள் தூரம்தானாம். ஆனால் அவர் விவரம் தெரிந்து வளர்ந்த காலத்தில் அந்தக் கரையில் ராணுவ முகாமும் முள்கம்பியும் இருந்தன. அதையும் நானாகக் கேட்டபோதுதான் சொன்னார்.

மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, தண்ணீரில் நடந்துகொண்டிருந்த என் கெண்டைக்காலில் யாரோ பழுக்கக் காய்ச்சிய கம்பியால் இழுத்ததுபோல் இருந்தது. ஜெல்லிமீன். அது அப்போது எனக்குத் தெரியாது. "ஐயோ!" என்று அலறி அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்து நான் பார்த்தது அக்காவை. செருப்போடும் பையோடும், சேலையை முழங்காலுக்கு மேல் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, தண்ணீரை உதைத்துத் தள்ளியபடி ஓடி வந்தார்.

"என்ன பிள்ளை? என்ன கடிச்சது? எழும்பும், எழும்பும்!"

என் அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கப் பார்த்தார். கால் வழுக்கியது. இருவரும் சேர்ந்து தொப்பென்று விழுந்தோம். பை முழுகியது. தோழியின் அம்மா வந்து என் காலைப் பார்த்து, "ஒன்றுமில்லை, ஒரு மணி நேரம் எரியும்" என்று கடல்நீரை அள்ளி அள்ளி ஊற்றினார். சிவந்த கோடுகள் தடித்திருந்தன. எனக்குக் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. அக்காவோ பையைத் திறந்து தலைகீழாகக் கவிழ்த்தார். உள்ளேயிருந்து ஒரு செம்பளவு கடல் கொட்டியது.

அவர் அழப்போகிறார் என்று பயந்தேன். அவர் ஈரத் தாள்களைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார்.

"நல்ல காலம், உம்மட பாஸ்போட் வீட்டில. இல்லாட்டி ரெண்டு பேரும் இஞ்சயே குடியேறியிருக்க வேணும்."

மறுநாள் காலை மொட்டைமாடியில், தோழியின் அம்மா காயப்போட்டிருந்த சிவப்பு மிளகாய்களுக்குப் பக்கத்தில், அக்காவின் வாழ்க்கைத் தாள்கள் வரிசையாகக் காய்ந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு கூழாங்கல். பாஸ்போர்ட் அப்பளம்போல் உப்பியிருந்தாலும் எழுத்து அழியவில்லை. "காயட்டும், பின்னேரம் வந்து எடுக்கலாம்" என்று அக்கா கீழே இறங்கி வந்தார். வீட்டை விட்டு வெறுங்கையோடு அவர் கிளம்பி நான் பார்த்தது அன்றுதான்.

கடற்கரைக்கு வந்ததும் ஒருவரும் கூப்பிடாமலே இறங்கினார். தோழியின் அம்மா கொடுத்த பூப்போட்ட அங்கி அவருக்குக் கொஞ்சம் குட்டை. அந்த அம்மா அக்காவின் முதுகுக்குக் கீழே உள்ளங்கையைக் கொடுத்து, கழுத்தைத் தளர்த்தச் சொன்னார். ஒருவர் பிரெஞ்சில் அரபு வாடை, மற்றவர் பிரெஞ்சில் கியூபெக் வாடை. எப்படியோ இருவருக்கும் புரிந்தது. முதலில் அக்கா பலகைபோல் விறைத்தார், மூழ்கினார், இருமினார், மறுபடி படுத்தார். பிறகு ஒரு சமயம் அந்த அம்மா கையை மெல்ல எடுத்துவிட்டு எங்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அக்கா மிதந்துகொண்டிருந்தார். அங்கி பூப்பூவாக விரிந்திருந்தது.

நான் கூப்பிட்டேன். அவருக்குக் கேட்கவில்லை. எழுந்து உட்கார்ந்தபின் சொன்னார்: "காது தண்ணிக்குள்ள போனால் ஒரு சத்தமும் இல்லை பிள்ளை. என்ர மூச்சுத்தான் கேட்டது."

மிச்ச நாட்கள் இப்படியே போயின. காலையில் படகு வந்ததும் அக்காவும் அந்த அம்மாவும் மத்தி மீன் வாங்குவார்கள். ஒருநாள் அக்கா அந்த ஊர் மிளகாய் விழுதைப் போட்டு மீன் குழம்பு வைத்தார். புளிக்குப் பதில் எலுமிச்சை. வீட்டுக்காரர்கள் அடுப்பில் சுட்ட ரொட்டியைத் தோய்த்துத் தோய்த்துச் சட்டியைத் துடைத்துவிட்டார்கள். "உறைப்புத் தெரிஞ்ச சனம்" என்று அக்கா சான்றிதழ் கொடுத்தார். மாலையில் தண்ணீருக்குள் உட்கார்ந்தபடியே தர்பூசணி தின்றோம்.

மொன்ட்ரியால் திரும்பிய பிறகு எங்கள் வாழ்க்கையில் பெரிய மாற்றம் என்று ஒன்றும் இல்லை. நான் மண்ணைச் சலித்தேன், அக்கா குழந்தைகளுக்கு உப்பில்லாமல் சமைத்தார். ஆனால் பிப்ரவரியில், ஜன்னல் பாதிவரை பனி ஏறியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் என் அறைக் கதவைத் தட்டினார்.

"கார்தெரியில என்னோட வேலை செய்யிற பெட்டையள் கியூபாவுக்குப் போகினமாம், ஒரு கிழமைக்கு. நான் காசு கட்டிப்போட்டன். நீர் வாறீரே?"

எனக்கு ஆய்வேடு முடிக்க வேண்டியிருந்தது. அவர் மட்டும் போய், மூக்குத் தோல் உரிந்து திரும்பி வந்தார். சாமான்களைக்கூடப் பிரிக்காமல் சமையலறையில் உட்கார்ந்து, ஊர் ஊராகக் கடல் பார்த்தவர்போல் குறை சொல்லத் தொடங்கினார். மணல் நல்லது, தண்ணீர் நல்ல சூடு, ஆனால் அலை சரியில்லை, சனக்கூட்டமும் அதிகம். நான் தேநீர் போட்டு அவர் முன்னால் வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.