சம்பந்தி வீட்டு ஆங்கிலம்

ஒஸ்லோவின் புறநகரான ஸ்டோவ்னரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறையில், சனிக்கிழமைகளில் நான் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். என்ன தகுதி என்று கேட்பவர்களுக்கு, லண்டனில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் கொஞ்சக் காலம் நின்ற கதையைச் சொல்வேன். அங்கே நான் பேசிய ஆங்கிலம் மொத்தம் மூன்று வசனம்: எத்தனையாவது பம்ப், ரசீது வேண்டுமா, நன்றி. இந்த மூலதனத்தை வைத்து ஒரு வகுப்பு ஓடுகிறது என்றால், அது மாணவர்களின் பெருந்தன்மை. தனியாக இருப்பவனுக்கு ஒஸ்லோவில் சனிக்கிழமை மிகவும் நீளம். அதை அவர்கள் பகிர்ந்துகொண்டதற்கு நான்தான் கட்டணம் கட்டியிருக்க வேண்டும்.

மாணவர்கள் எல்லோரும் என்னைவிட மூத்தவர்கள். வேலைக்குப் போதுமான நோர்வே பாஷை அவர்களிடம் இருக்கிறது. ஆனால் சொந்தபந்தம் முழுக்க டொரன்டோவிலும் லண்டனிலும். அங்கே பிறந்த பிள்ளைகளோடு தொலைபேசியில் ஹலோ சொல்லிவிட்டு, இரு பக்கமும் மாறி மாறிச் சிரித்துக்கொண்டிருந்த ஆட்கள்தான் என்னிடம் வந்தார்கள்.

அவர்களில் ஓர் அக்காவுக்கு மட்டும் அவசரம் இருந்தது. நோர்வேயின் வடகோடியில், பாட்ஸ்பியோர்டில் மீன் வெட்டும் தொழிற்சாலையில் தொடங்கி, இப்போது ஒஸ்லோவில் ஒரு முதியோர் இல்லச் சமையலறையில் வேலை செய்பவர். மகள் கட்டப்போகும் பையன் ஸ்கொட்லாந்துக்காரன். அவனுடைய தாய் வசந்த காலத்தில் வருகிறார்.

"மகள் மொழிபெயர்த்துச் சொல்லுவாதானே அக்கா" என்றேன்.

"சம்பந்தியோடை நான் கதைக்க வேணும் தம்பி. நான் சொல்ல, அவள் அதிலை பாதியை விழுங்கி, மிச்சத்துக்குப் பவுடர் பூசிச் சொல்லுறதெண்டால் நான் ஏன் அங்கை இருப்பான்? என்ரை படத்தைச் சுவரிலை கொழுவி விடட்டும்."

முதல் பாடங்கள் வணக்கமும் காலநிலையும். வகுப்பு தூங்கி வழிந்தது. பிறகு குடும்பமும் உடைமைகளும் என்ற பாடம் வந்தது. உனக்குச் சகோதரிகள் இருக்கிறார்களா, வீடு இருக்கிறதா, கார் இருக்கிறதா. இரண்டு பேராக இருந்து ஒருவரையொருவர் கேளுங்கள் என்றேன். அறை உயிர்த்தது. ஏன் என்று எனக்குக் கொஞ்சம் பிந்தித்தான் விளங்கியது. எங்கள் ஆட்கள் கலியாணம் பேசும்போது கேட்கும் கேள்விகள் அச்சொட்டாக இவைதான். எத்தனை பெண் சகோதரம், கட்டிக் குடுத்தாச்சோ, வீடு சொந்தமோ. ஆங்கிலம்தான் புதிது, விசாரணை பழையது. "ஈஸ் யுவர் சிஸ்டர் மேரீட்?" என்ற கேள்வி என் புத்தகத்திலேயே இல்லை. அவர்களாகவே கண்டுபிடித்தார்கள்.

அக்காவின் கணவரிடம் ஒருவர், "டு யூ ஹாவ் எ ஹவுஸ்?" என்று கேட்டார்.

"நோ."

அக்கா திரும்பி முறைத்தார்.

"என்னப்பா முறைக்கிறாய்? ஊரிலை இருக்கிற வீடு உன்ரை சீதனம். இஞ்சை இருக்கிறது பாங்க்காரன்ரை. நான் என்னெண்டு யெஸ் சொல்லுறது?"

அவருக்கு முழுப் புள்ளியும் கொடுத்தேன். காலநிலையைத் தூக்கிப் போட்டுவிட்டு வாரக்கணக்கில் இதையே நடத்தினேன். என்னைப்போல ஓர் ஆசிரியன் நோர்வேயில் கிடையாது என்ற எண்ணம் எனக்குள் மெல்ல முளைத்துக்கொண்டிருந்தது.

ஒரு சனிக்கிழமை தாயைக் கூட்டிப்போக வந்த மகள் வாசலில் நின்று இதைக் கேட்டுவிட்டாள். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை.

"அம்மா, உதெல்லாம் பிரிவாட், அவரவற்றை சொந்த விசயம். இஞ்சை ஆரும் உப்பிடித் துருவிக் கேக்க மாட்டினம். மாமி வந்தால் அவவிட்டை வீடு, கார், சகோதரம், ஒண்டும் கேக்கப்படாது, ஓமோ?" பிறகு என்னைப் பார்த்து, "மாமா, நீங்கள் இங்கிலிஷ் படிப்பிக்கிறியளோ, பொலிஸுக்கு ஆள் பழக்கிறியளோ?" என்றாள்.

தடைகளை எல்லாம் கழித்துப் பார்த்தால் அக்காவிடம் மிஞ்சியது காலநிலை. அதைத்தான் நான் தூக்கிப் போட்டிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை அக்கா வரவில்லை. வீட்டுக்குப் போனேன். "ஊமையா இருக்கிறதுக்கு வகுப்பு என்னத்துக்குத் தம்பி?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். 'இட் இஸ் கோல்ட்' என்ற வசனத்தைச் சொல்லிக் கொடுத்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். "அது அவவுக்கும் தெரியுந்தானே" என்றார்.

சம்பந்தி வந்த அன்று, ஆபத்துக்கு உதவுவேன் என்று என்னையும் அழைத்திருந்தார்கள். அக்காவின் கணவருக்கு அன்று வேலை. மகளும் பையனும் குசினியில் வடை பொரித்துக்கொண்டிருந்தார்கள். முன்னறையில் நாங்கள் மூவர். உயரமான பெண்மணி, கனிவான முகம். ஆனால் அவருடைய ஆங்கிலம், எந்த நிலையத்திலும் நில்லாத ரயில். என்னிடம் ஏதோ கேட்டார். "யெஸ்" என்று தெம்பாகச் சொன்னேன். அவர் கேட்டது என் பெயரை என்று பிறகு தெரியவந்தது.

"இட் இஸ் கோல்ட்" என்றேன். ஆமாம் என்றார். காலநிலை அத்துடன் முடிந்தது.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். குசினிக் கதவையும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "டு யூ ஹாவ் எ சிஸ்டர்?" என்றார்.

ஒருத்தி இருக்கிறாள் என்றார் அந்தப் பெண்மணி.

"ஈஸ் ஷீ மேரீட்? ஹாவ் எ ஹவுஸ்?"

நான் கண்களை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவர் கோப்பையைக் கீழே வைத்திருந்தார். அக்காவுக்காக ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அம்மாவின் வீடு. அது இப்போது தங்கையிடம். இருவரும் பேசுவதில்லை. எனக்கும் விளங்கியது.

மகள் வடைத் தட்டோடு வந்து வாசலில் அப்படியே நின்றுவிட்டாள்.

அக்கா கதிரையை இழுத்துக் கிட்டப் போனார். "மை சிஸ்டர். ஜாப்னா. மை லாண்ட், ஹேர் லாண்ட்." மேசைமேல் கையைச் செங்குத்தாக நிறுத்தி வைத்து என்னைப் பார்த்தார். "வேலி, தம்பி?"

"ஃபென்ஸ்" என்றேன். அன்று என்னால் ஆன ஒரே உதவி.

"ஃபென்ஸ்" என்றவர், நிமிர்ந்த கையைத் தன் பக்கமாக மெல்ல மெல்ல நகர்த்தினார். "எவ்ரி இயர், கமிங், கமிங்."

பெண்மணி வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்தும் கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். இப்போது பேசுகிறீர்களா என்று கேட்டார்.

"யெஸ். ஐ கோல். ஃபர்ஸ்ட், ஐ கோல்." தொலைபேசிபோலக் கையைக் காதருகே வைத்துக் காட்டினார். பிறகு அவருடைய கையில் தட்டி, "யூ கோல்" என்றார் அக்கா. கட்டளை மாதிரித்தான் இருந்தது.

மகளுக்கு அப்போதுதான் வாய் வந்தது. "அம்மா, நான் சொல்லி விடட்டோ?"

"வேண்டாம் பிள்ளை. தட்டை வைச்சிட்டு நீ போய் மிச்சத்தைப் பொரி. தம்பி, நீங்களும் போய் ஒரு கை குடுங்கோவன்."

ஆசிரியன் வெளியேற்றப்பட்டான். குசினியில் நாங்கள் மூவரும் உடைந்த வடைகளைத் தின்றுகொண்டு காது கொடுத்து நின்றோம். மகள் என் தட்டில் இரண்டு முழு வடைகளை வைத்தாள். நான் தேவைப்படாமல் போன அந்த மத்தியானத்துக்கு இன்றைக்கும் யாருக்கு நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அக்காவுக்கா, அந்தப் பெண்மணிக்கா, கேட்கக்கூடாத கேள்விகளை அச்சடித்துத் தந்த பாடப்புத்தகத்துக்கா.

முன்னறையில் இப்போது சம்பந்தியின் முறை. உங்களுக்குச் சகோதரர்கள் இருக்கிறார்களா என்று அவர் கேட்பது கேட்டது. அக்காவுக்கு ஐந்து பேர். மூத்தவரிலிருந்து தொடங்கினார். நான் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்துகொண்டேன்.