ஒட்டிக்கொண்ட முனைகள்

அக்காவின் தையல்கடை எரிந்த மூன்றாம் நாள், தம்பி தன் ரிப்பேர் கடையில் அவளுடைய கருகிய இஸ்திரிப்பெட்டியைப் பிரித்தார். அதைத் தூக்கிக்கொண்டு வந்தவளே அக்காதான். எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு பட்டை. இரண்டு உலோகங்களைச் சேர்த்து ஒட்டியது. சூடேறினால் ஒன்று அதிகமாக நீளும், மற்றது அவ்வளவு நீளாது. அதனால் பட்டை வளையும், ஒன்றையொன்று தொட்டுக் கரண்டைக் கடத்தும் இரண்டு முனைகள் பிரியும், கரண்ட் நிற்கும். ஆறினால் மறுபடி சேரும். அவ்வளவுதான் தெர்மோஸ்டாட்.

போன மாதம் "சூடே ஏற மாட்டேங்குதுடா" என்று அவள் கொண்டுவந்தபோது முனைகளில் கரி பிடித்திருந்தது. புதிதாக மாற்றியிருக்க வேண்டும். எல்லா மெக்கானிக்கும் செய்வதைத்தான் இவரும் செய்தார்: உப்புத்தாளை எடுத்து நாலு தேய் தேய்த்தார். கரியோடு வெள்ளிப் பூச்சும் போயிற்று. வெறும் செம்பில் பொறி பறந்து பறந்து, முனைகள் உருகி ஒட்டிக்கொண்டன. பட்டை வளையத்தான் பார்த்திருக்கும். முனைகள் விட்டால்தானே?

ஸ்க்ரூடிரைவரால் நெம்பினார். இப்போதும் விடவில்லை.

"ஸ்விட்ச அணைக்காம சாப்பிடப் போயிட்டேன்டா. என் புத்தியச் செருப்பால அடிக்கணும்." அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "வயசாயிடுச்சு, இனிமே உனக்குக் கடையே வேணாம்னு உங்க மாமா சொல்றாரு. அவரு சொல்றது சரிதானே?"

தம்பி பெட்டியின் மூடியை எடுத்து மாட்டினார். நான்கு திருகுகளையும் ஒவ்வொன்றாக இறுக்கினார்.

"சரிதான்க்கா" என்றார்.