உப்புக்குச் சாகாத கடல் பூதம்

இலங்கை மலைநாட்டின் டயகமத் தேயிலைத் தோட்டத்தில், ஓரறை வீடுகள் வரிசையாக ஒட்டிய எங்கள் லயத்தில் இருந்த யாரும் கடலைப் பார்த்ததில்லை. அப்பாவின் தாத்தா பார்த்திருப்பார், இந்தியாவிலிருந்து அதைத் தாண்டித்தானே வந்தார். ஆனால் அதைப் பற்றி அவர் என்ன சொன்னார் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அதனால் எழுபதுகளின் பின்பாதியில், எனக்குப் பத்துப் பதினோரு வயதிருக்கும்போது, ஓர் ஆட்டத்துக்காகக் கடல் பூதம் ஒன்றைச் செய்ய வேண்டி வந்தபோது நான் யாரையும் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த பொல்லாத பிராணி ரத்தம் குடிக்கும் அட்டை ஒன்றுதான். அதையே லயத்து நீளத்துக்கு இழுத்துவிட்டேன்.

பகடை உருட்டிக் கதைக்குள் புகுந்து ஆடும் ஆட்டங்களை வெளிநாட்டில் பெட்டி பெட்டியாக விற்கிறார்கள் என்று பின்னாளில் கேள்விப்பட்டேன். எங்கள் ஆட்டம் ஒரு தேயிலைப் பெட்டியின் மூடிப்பலகைதான். அதில் அடுப்புக்கரியால் கடல். கடலுக்குக் கரை எப்படியிருக்கும் என்று தெரியாததால் நான்கு பக்கமும் மலையை வரைந்து வைத்தேன். கப்பலுக்கு ஒரு சட்டைப் பொத்தான். பெட்டிக்குள்ளே ஒட்டியிருக்கும் ஈயத்தாளைக் கசக்கி உருட்டியது பூதம்.

என்னோடு ஆட ஒரே ஆள், பெரியப்பா மகள். என்னைவிட நான்கு வயது சின்னவள். லயத்தின் அடுத்த அறையில், பக்கத்துக் காம்பராவில் இருந்தார்கள். அங்கே இருமினால் இங்கே கேட்கும், அவ்வளவுதான் எங்களுக்கு நடுவில் இருந்த சுவர். அவள் கப்பல் தலைவி. காற்று, மழை, பூதம் எல்லாம் நான். இப்போது என்ன செய்வது என்று அவள் சொல்வாள். அது நடந்ததா இல்லையா என்று நான்கு புளியங்கொட்டைகள் சொல்லும். ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கிய கொட்டைகள். நான்கும் வெள்ளையாக விழுந்தால் நினைத்தது நடக்கும்.

பூதம் ஒரு கடிக்கு நூறு சொட்டு ரத்தம் குடிக்கும் என்று கணக்கு. அது கடித்தால் வலிக்காது, அட்டை கடித்தால் யாருக்கு வலிக்கிறது? ஆகவே கடித்ததை உடனே சொல்ல மாட்டேன். அவள் மூன்று தடவை கொட்டையை உருட்டிய பிறகுதான், "ஒன் ஆளுங்க ரெண்டு பேரு வெளுத்துப் போயிட்டாங்க" என்பேன். அவள் அலறுவாள். அந்த அலறல் எனக்குப் பிடிக்கும். ஒளிப்பானேன்.

அதைக் கொல்ல ஒரே வழி உப்பு. கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது அம்மாவும் பெரியம்மாவும் இடுப்பில் உப்பு முடிந்துகொண்டு போவார்கள். காலில் ஏறிய அட்டை உப்புப் பட்டால் சுருண்டு விழும். அதே சட்டத்தைப் பூதத்துக்கும் வைத்தேன். தலைவியிடம் துணியில் முடிந்த ஒரு சிட்டிகை உப்பு உண்டு. ஒரே ஒரு தடவைதான் போடலாம். அவள் சரியான கஞ்சப்பிசினாரி, ஒன்றரை வருஷமாக முடிச்சை அவிழ்க்கவே இல்லை.

அப்புறம் பெரியப்பாவுக்குப் பாஸ்போர்ட் வந்தது. தோட்டத்துத் தமிழரில் ஒரு பகுதியை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்ப இரண்டு அரசும் ஒப்பந்தம் போட்டிருந்த காலம். அண்ணனான அவர் இந்தியாவுக்குப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்திருந்தார், தம்பியான அப்பா இங்கேயே இருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்திருந்தார். ஏன் அப்படி என்று இருவரும் கடைசிவரை சொன்னதில்லை. தலவாக்கலையில் ரயில், பிறகு தலைமன்னார், அங்கிருந்து கப்பல். செய்தியைக் கேட்டபோது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. பானையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன், அது நிரம்பும்வரை நின்றேன்.

இரண்டு நாள் கழித்து அவள் கேட்டாள். "அக்கா, நெசக் கடல்லயும் அது இருக்கா?"

"இருக்கு" என்றேன். போகிறவள் அவள், இருக்கிறவள் நான் என்ற கோபம். பயந்தால் போகமாட்டாள் என்றும் நினைத்திருப்பேன். பிள்ளைப் புத்தி.

"அப்ப பெட்டி அடிக்கறதுக்குள்ள அதைக் கொன்னுடணும்க்கா. செத்துட்டா நான் பயப்படாமப் போயிருவேன்."

சாமான் கட்டிய தேயிலைப் பெட்டிக்கு எங்கள் பலகைதான் மூடி. ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா அதை ஆணியடிப்பதாக இருந்தது. அந்த வாரம் பார்த்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கடலைப் பற்றிப் பாடம் நடத்தினார்.

ஞாயிறு மத்தியானம் நல்ல மழை. அவள் முடிச்சை அவிழ்த்து, உப்பு முழுவதையும் ஈயத்தாளின் மேல் தூவினாள். கொட்டையை உருட்டினாள். நான்கும் வெள்ளை. குதித்தாள். சட்டப்படி பூதம் செத்தது.

"சாகல" என்றேன். "கடல் தண்ணியே உப்புத்தானாம். வாத்தியாரு சொன்னாரு. அது உப்புலயே பொறந்து வளந்தது. ஒன் உப்பு அதுக்குச் சோறு மாதிரி."

அவள் அழுதிருந்தால் மாற்றிச் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். அழவில்லை. "வேற எதுக்குச் சாகும்?" என்று கேட்டாள்.

"எதுக்கும் சாகாது."

பெரியப்பா சுத்தியலோடு வந்தார். பலகையைத் தட்டி உதறி, கரிப்பக்கம் உள்ளே இருக்கும்படி கவிழ்த்து ஆணியடித்தார். உப்பு தரையில் கிடந்தது, பெரியம்மா கூட்டித் தள்ளினார்.

செவ்வாய்க்கிழமை காலை லொறி வந்தது. லயமே கட்டிப்பிடித்து அழுதது. எனக்கு அழுகை வரவில்லை. அப்பா அவள் தலையைத் தடவி, "கடலை நல்லாப் பாத்துட்டு எழுதும்மா. நாங்கதான் பாக்கல" என்றார். அவள் லொறியில் ஏறி உட்கார்ந்து என்னையே பார்த்தாள். பொய் சொன்னேன், அப்படி ஒரு பூதமே கிடையாது என்று அப்போதாவது கத்தியிருக்கலாம். லொறி தேயிலை ஆலை வளைவில், ஸ்டோர் முடக்கில் திரும்பும்வரை நேரம் இருந்தது.

"அழுதுடுடி, மனசுல வச்சுக்காத" என்றார் அம்மா. எனக்கு ஒன்றும் இல்லை என்றேன். பள்ளிக்கூடம் போனேன், வந்தேன், விறகு பொறுக்கினேன், சாப்பிட்டேன். பக்கத்துக் காம்பராவில் இருமல் கேட்கவில்லை. அதற்கும் பழகிவிட்டது.

மூன்று மாதம் கழித்துக் கடிதம் வந்தது. நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை, இங்கே போலவே குளிர் என்று பெரியப்பா எழுதியிருந்தார். அடியில் அவள் எழுத்து, குண்டு குண்டாக. அப்பா சத்தமாகப் படித்தார்.

"சித்தப்பா, கடல் எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. கப்பல் ஏறுனதுல இருந்து எறங்குற வரைக்கும் அம்மா மடியில கண்ண மூடிக்கிட்டுப் படுத்திருந்தேன். எல்லாரும் பாரு பாருன்னாங்க. நான் தொறக்கல. அக்காகிட்ட சொல்லுங்க, அது என்னையப் பாக்கல."

அன்றைக்குத்தான் எனக்கு வலித்தது.

"எது பாக்கலயாம்?" என்று அப்பா என்னைக் கேட்டார். தெரியாது என்றேன்.