ஒரு மணிக்குப் பூட்டும் பழக்கடைக்காரர்

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். இன்று லண்டன் ஈஸ்ட் ஹாமில் எனக்கு மூன்று கடைகள். முப்பது வருடமாகப் பகலில் ஒன்றைக்கூடப் பூட்டியதில்லை.

போன கோடையில் மனைவியின் ஆசைக்காக இத்தாலியில் ஒரு மலையூருக்கு மூன்று நாள் போனோம். அங்கே பழக்கடைக்காரரும் எங்களைப் போல யாழ்ப்பாணத்தவர். நரைத்த மீசை, காதில் பென்சில். நான் பீச் பழம் பொறுக்கிக்கொண்டிருக்க, சரியாக ஒரு மணிக்கு ஷட்டரை இழுத்தார்.

"பின்னேரம் வாங்கோ அண்ணை. மனிசி சாப்பாட்டோட காத்திருப்பா."

"வாற யாவாரத்தை விடுறீரோ? நான் கடையில நிண்டபடிதான் சாப்பிடுறனான்!"

"அப்ப அக்கா ஆரோட சாப்பிடுறவ?"

மனைவி முந்திக்கொண்டாள்: "டீவியோட."

அந்த மனிதர் எப்படித்தான் பிழைக்கிறாரோ, எனக்கு இன்னும் விளங்கவில்லை. என் கடைகள் இப்போதும் பூட்டுவதில்லை. ஒரு மணிக்கு நான்தான் வீட்டுக்குப் போய்விடுகிறேன்.