பொதுவில் போட முடியாத துப்பாக்கி

திரேஸ்புரத்தில் ஃபிராங்க்ளினைப் பற்றி யாரிடம் கேட்டாலும், கைசுத்தமான ஆள் என்றுதான் முதலில் சொல்வார்கள். விசைப்படகு டிரைவர். வலையின் மடியை அவிழ்த்து மீனைப் படகுத் தளத்தில் கொட்டினால், பங்கு பிரிக்கும்வரை ஒரு கணவாயைக்கூட வீட்டுக்கென்று ஒதுக்கமாட்டான். அப்படி ஒதுக்குகிறவனை மறுநாள் படகில் ஏற்றவும் மாட்டான். அந்த விஷயத்தில் ஆள் கொஞ்சம் முசுடு.

அவனைத்தான் ஒருவன் கள்ளன் என்று சொல்லிவிட்டான். சொன்னவன் வேறு யாருமல்ல, மகள் ஜாய்க்கு ஞானஸ்நானத்தின்போது ஞானத்தகப்பனாக நின்றவனும், அதே படகில் வலை இழுக்கும் வின்ச் பிடிப்பவனுமான ரோச். பிள்ளையின் தகப்பனும் ஞானத்தகப்பனும் ஒருவரையொருவர் கும்பாதிரி என்று அழைப்பது கடற்கரை வழக்கம். சொந்த அண்ணன் தம்பியைவிட ஒரு பிடி கூடின உறவு. ஞானத்தகப்பனைக் கண்டதும் பிள்ளை தோத்திரம் சொல்லி வணங்க வேண்டும். இந்த உறவு முறிந்தது எதனால் என்கிறீர்கள்? கைபேசி விளையாட்டில் வருகிற ஒரு துப்பாக்கியால். கேட்டால் சிரிப்பு வரும். ஃபிராங்க்ளினுக்கு மட்டும் வரவில்லை.

மீன்பிடித் தடைக்காலம் அது. மதியங்களில் ஃபிராங்க்ளின், ரோச், படகில் ஐஸ் உடைக்கிற மகாராஜன் மூவரும் அவரவர் வீட்டிலிருந்தபடியே சேர்ந்து விளையாடினார்கள். பாழடைந்த பெரிய தீவு. எங்கே வேண்டுமானாலும் போகலாம், எதிரே வருகிறவனைச் சுடலாம், அவன் விழுந்த இடத்தில் ஒரு பெட்டி கிடக்கும். அந்தப் பெட்டியில் என்ன வைக்கலாம் என்று தீர்மானித்தவன் எந்த ஊர்க்காரனோ, மகா கஞ்சன். பொழுதெல்லாம் சண்டை போட்டு ஒரு கோபுரத்தைப் பிடித்தால் பச்சை நிறத்தில் மட்ட ரகக் கைத்துப்பாக்கி ஒன்று தருவான். யானைப் பசிக்குச் சோளப்பொரி. தப்பித்தவறி நல்லதாக ஒன்று கிடைத்தாலும் நிலைக்காது. அடுத்த லெவலுக்கு ஏறியதும் எதிரிகளுக்கெல்லாம் தோல் தடித்துவிடும், நேற்றைய பீரங்கி இன்றைக்குத் தீபாவளித் துப்பாக்கியாகிவிடும்.

"எறா வரும்னு வலையப் போட்டா, வெறும் பாசியால்லா ஏறுது!" என்று ரோச் தினமும் புலம்புவான். புலம்பினாலும் விடமாட்டான்.

கிடைத்ததை மூவரும் படகில் செய்வதைப் போலவே பிரித்துக்கொண்டார்கள். யார் கையில் எது பட்டாலும் அள்ளிக்கொண்டு போய், அந்தத் தீவிலுள்ள இடிந்த பேருந்து நிலையத்தில் கொட்டுவது. பிறகு யாருக்கு எது தேவையோ அதை எடுத்துக்கொள்வது. விளையாட்டுக்குள் வேறு யாரும் இப்படிச் செய்ததில்லை. இவர்களுக்கோ வேறு மாதிரி செய்யத் தெரியாது.

ரோச்சுக்கு ஒரே ஆசை. விளையாட்டிலேயே உசந்த ரகமாக, தங்க நிறத்தில் நீளக் குழலோடு ஒரு துப்பாக்கி உண்டு. கொக்கு என்று இவர்களே அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். அதற்காக அவன் வாரக்கணக்கில் அந்தத் தீவைச் சல்லடை போட்டுச் சலித்தான். ஒருநாள் அது விழுந்தது, ஃபிராங்க்ளினின் காலடியில். பழக்கதோஷம், சட்டென்று எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு ஓடினான். கீழே போடுவதற்கான பொத்தானை அழுத்தினான். தங்க நிறப் பொருள் எடுத்தவருக்கே சொந்தம், யாருக்கும் தர முடியாது என்று திரையில் வந்தது. அதுவரை தங்க நிறத்தையே கண்டிராதவர்களுக்கு இந்தச் சட்டம் எப்படித் தெரியும்?

"கும்பாதிரி, கீழ போடும்," என்றது கைபேசியில் ரோச்சின் குரல்.

"போட முடியல வே. எடுத்தவனுக்குத்தான் சொந்தம்னு காட்டுது."

"எங்கிட்டயே கதை விடுதீரா? இத்தன நாளா எதைப் போட முடியாமப் போச்சு? கள்ளன்கூடச் சொல்லிட்டு எடுப்பான் வே!"

அதோடு ரோச் விளையாட்டிலிருந்து வெளியேறினான். பேச்சும் நின்றது.

ஃபிராங்க்ளின் அவன் வீட்டுக்குப் போய்ப் பார்த்தான். வெளியே போயிருக்கிறார் என்றாள் ரோச்சின் மனைவி. உள்ளறையிலிருந்து ரோச்சின் இருமல் கேட்டது. ஃபிராங்க்ளின் தலையைக் குனிந்துகொண்டு திரும்பினான். அதற்குள் மகாராஜனோடு விளையாடி இரண்டு லெவல் ஏறியிருந்தான், கொக்கும் ஒன்றுக்கும் உதவாமல் போயிருந்தது. இந்தக் கூத்தைச் சொல்லிச் சிரிக்கத்தான் ரோச் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜாய்க்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். கோவிலில் பிள்ளைக்குப் பக்கத்தில் ஞானத்தகப்பன் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ஊர் காரணம் கேட்கும். கும்பாதிரியே இவனைக் கள்ளன் என்கிறானாமே என்று பேசும். சனிக்கிழமை வரைக்கும் ரோச் வரவில்லை.

"இல்லாத துப்பாக்கிக்கு ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கிட்டு அலையுதிய," என்றாள் மனைவி விஜிலா. "இன்னொருக்கா போயி ஒரு வார்த்த பேசுனா வாயில இருந்து முத்தா உதிந்துரும்?"

"எத்தன தடவ போக? கள்ளன்னுட்டாம்ளா," என்றான்.

அன்று மத்தியானம் ரோச்சே வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றான்.

"மூணு மலையாளத்துப் பையம்மாரோட வெளையாடுனேன் கும்பாதிரி. கெடைக்கிறதெல்லாம் பொதுன்னு நாந்தான் பேசி வச்சேன். தங்கக் கலர்ல சட்டை ஒண்ணு விழுந்துச்சு. எடுத்துப் பொதுவுல போடலாம்னு தூக்கிட்டு ஓடுனேன். போட முடியல. கள்ளன், கள்ளன்னு மூணு பேரும் கத்துதானுவ. பொதுவுல போடத்தாண்டா எடுத்தேன்னு தொண்ட கிழியச் சொல்லுதேன், ஒருத்தனும் நம்பல. வெளிய தள்ளிட்டானுவ."

ஃபிராங்க்ளின் எழுந்து வாசலுக்கு வந்தான்.

"முன்னப் பின்னத் தெரியாதவன் சொன்னதுக்கே எனக்குச் சோறு எறங்கல," என்றான் ரோச். "நான் ஒம்மச் சொல்லிட்டேனே."

"ஒரு வார்த்த நம்பியிருக்கலாம்லா வே."

"நம்பியிருக்கணும்."

நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது போலிருந்தது ஃபிராங்க்ளினுக்கு. கண் கலங்கியதை மறைக்கவும் தோன்றவில்லை. ரோச்சின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தான். மகள் அடுப்படியில், நாலு எட்டு தூரத்தில்தான் இருந்தாள். ஆனாலும் பக்கத்துத் தெரு வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினான்:

"ஏளா ஜாய்! ஒன் ஞானத்தகப்பன் வந்திருக்காவ. ஓடி வா, தோத்திரம் சொல்லு!"